வினை கடைசியில் வரும்

ஆனால், இல்லை, முடி, வரை, பதிப்பி, பின்கொடு. ஆறும் நமக்குப் பழகிய சொற்கள். ‘எழில்’ என்ற நிரல்மொழியில் இவை கட்டளைச் சொற்கள். இவற்றை வைத்து ஒரு கோப்பில் நாலைந்து வரி எழுதி ஓட்டினால், கணினி கணக்குப் போடும், நிபந்தனை பார்த்து முடிவெடுக்கும், சொன்னதைத் திரும்பத் திரும்பச் செய்யும். அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்தையா அண்ணாமலை 2007-இல் எழிலை உருவாக்கத் தொடங்கி, 2009 ஜூலையில் முறைப்படி அறிவித்தார். பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குக் காத்திராமல் தமிழிலேயே நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பது அவர் நோக்கம். எழில் திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய், அது எப்படி வேலை செய்கிறது என்று வரி வரியாகப் படிக்கலாம்.

அதில் ஒரு சின்ன நிரல் இப்படி இருக்கும்:

விலை = 800
@( விலை > 1000 ) ஆனால்
    பதிப்பி "முகூர்த்த நாள்"
இல்லை
    பதிப்பி "சாதாரண நாள்"
முடி

மதுரையில் மல்லிகைப் பூ வாங்குகிறவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் இந்த ஆறு வரியில் ஒரு சொல்லும் கணினிக்குத் தெரியாது. ‘ஆனால்’ தெரியாது, ‘பதிப்பி’ தெரியாது. சி மொழியின் ஆங்கிலச் சொற்களும் அப்படியே தெரியாது. அதற்கு வருவது எழுத்துகளின் நீண்ட வரிசை மட்டும்தான். அந்த வரிசையைப் படித்து, பிரித்து, இன்னதைச் செய் என்று சொல்வது இன்னொரு நிரல். எழிலைப் பொறுத்தவரை அந்த இன்னொரு நிரல் பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தானைப் படிக்கும் நிரல் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. மொழி என்று நாம் சொல்வதும் ஒரு நிரல்தான்; யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியது. இதைக் கேள்விப்படுவது ஒன்று. நம் கையால் ஒரு சிறு மொழியைச் செய்து, நாமே வைத்த ஒரு சொல்லுக்குக் கணினி பணிவதைப் பார்ப்பது முற்றிலும் வேறு.

வீட்டில் இருந்தபடி ஒருவர் மொழி செய்ய முடியுமா என்று தயங்குகிறவர்கள் பைத்தானின் பிறப்பை நினைத்துக்கொள்ளலாம். 1989-இல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அலுவலகம் மூடியிருக்கும், பொழுதுபோக்காகச் செய்ய ஒரு நிரல் வேலை வேண்டும் என்று கிடோ வான் ரோசம் தேடினார். ஆம்ஸ்டர்டாமில் இருந்த அந்த இளைஞர் எடுத்துக்கொண்ட வேலைதான் பைத்தான். முதல் வெளியீடு 1991 பிப்ரவரியில் வந்தது. இன்று உலகில் மிக அதிகம் பேர் எழுதும் மொழிகளில் ஒன்றாக அது இருப்பது பிற்பாடு நடந்த கதை. தமிழில் எழிலுக்கும் முன்பே ‘ஸ்வரம்’ என்றொரு நிரல்மொழி முயற்சி நடந்திருக்கிறது. மொழி செய்யும் ஆசை நம்மவர்களுக்குப் புதிதில்லை.

நம் பொறியியல் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கிற எல்லோருக்கும் கம்பைலர் வடிவமைப்பு, அதாவது மொழியைப் படித்து மாற்றும் நிரலைச் செய்வது என்று ஒரு பாடம் உண்டு. அதற்கு உலகெங்கும் படிக்கப்படும் பெரிய நூல், அட்டையில் டிராகன் படம் போட்டது, 1986-இல் வந்தது. அதன் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் ரவி சேத்தி, கான்பூர் ஐஐடியில் படித்தவர். மிக நல்ல புத்தகம். ஆனால் தேர்வுக்காக அதிலிருந்து பக்கம் பக்கமாக அட்டவணை போட்டுப் பழகிய மாணவர்களில் பலர், பத்து வரி புரிந்துகொள்ளும் ஒரு குட்டி மொழியைக்கூடச் செய்து பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஏனென்றால் செய்வதற்கு இருநூறு முந்நூறு வரி போதும். அந்த வரிகளை எழுதி முடிக்கும்போது, அட்டவணை எதற்கு என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

வேலை மூன்று படிகளாக நடக்கிறது. எழுத்து வரிசையைச் சொற்களாக வெட்டுவது முதல் படி. இதைச் செய்வது லெக்சர். சொற்களைக் கோத்துத் தொடராக, அதாவது எது எதற்குள் அடங்கும் என்ற கிளை அமைப்பாக ஆக்குவது இரண்டாம் படி. இது பார்சரின் வேலை. அந்த அமைப்பைச் சுற்றி வந்து அது சொல்வதைச் செய்வது மூன்றாம் படி. தமிழ் படித்த யாருக்கும் எழுத்து, சொல், பொருள் என்ற தொல்காப்பிய வரிசை நினைவுக்கு வரும். பொருளதிகாரம் பேசுவது அகமும் புறமும் என்பதால் மூன்றாம் படியை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் எழுத்தை முடித்த பிறகே சொல்லுக்குப் போக வேண்டும், அடித்தளம் சரியில்லாமல் மேல்தளம் நிற்காது என்ற ஒழுங்கை நிரல்மொழி செய்கிறவர் முதல் நாளே உணர்ந்துவிடுவார்.

அதுவும் தமிழில் செய்தால் எழுத்திலேயே பல நாள் நின்றுவிடலாம். அவ்வளவு இருக்கிறது அதில்.

நான் இருப்பது மதுரைக்கு மேற்கே, மேலக்கால் சாலையில் உள்ள கோச்சடையில். நானும் ஒரு சிறு மொழி செய்துவருகிறேன். அதில் முதல் மாறிக்கு ஊரின் பெயரையே வைத்தேன்: கோச்சடை = 5. நம் கண்ணுக்கு இந்தப் பெயரில் நான்கு எழுத்துகள்: கோ, ச், ச, டை. ஆனால் பைத்தானிடம் நீளம் கேட்டால் ஏழு என்கிறது. யூனிகோடில் ‘கோ’ என்பது க என்ற குறியும் அதைத் தொடரும் ஓகாரக் குறியும்; ‘ச்’ என்பது ச என்ற குறியும் புள்ளியும்; ‘டை’ என்பது ட என்ற குறியும் ஐகாரக் குறியும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் கோப்பில் இந்த ஊர் 21 பைட் இடம் பிடிக்கிறது. திரையில் கொம்பு இடப்பக்கம் முதலில் தெரிந்தாலும், நினைவகத்தில் க-வுக்குப் பின்னால்தான் அது நிற்கும்.

இது வெறும் வேடிக்கைத் தகவல் இல்லை. ஆங்கிலத்தில் லெக்சர் எழுதுகிறவர், ‘எழுத்தாக இருக்கும்வரை படித்துக்கொண்டே போ, எழுத்து அல்லாதது வந்தால் சொல் முடிந்தது’ என்று ஒரே விதியில் வேலையை முடித்துவிடுவார். பைத்தானில் அதற்கென்றே ஆயத்தமாக ஒரு குறி இருக்கிறது. அதைத் தமிழில் அப்படியே போட்டால், உயிர்க்குறியும் புள்ளியும் தனி எழுத்தாக அதன் கணக்கில் சேராது. கோச்சடை மூன்று துண்டாக உடையும்: க, ச, சட. ஊரே சிதறிவிடும். உயிர்க்குறியும் புள்ளியும் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டியவை, அவற்றில் சொல்லை வெட்டக் கூடாது என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும். மெய்யும் உயிரும் சேர்ந்தால்தான் உயிர்மெய் என்று இரண்டாம் வகுப்பில் படித்ததை நிரலாக எழுதுகிற வேலை அது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே கோ. கணினிக்கு அவை வேறு வேறு. ஒரு விசைப்பலகையில் தட்டிய கோச்சடையும் இன்னொன்றில் தட்டிய கோச்சடையும் இரண்டு தனித்தனி மாறிகளாகிவிட்டால், நிரல் எழுதியவர் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியப்போவதில்லை. யூனிகோடே இதற்கு ஒரு சீராக்கும் முறை வகுத்திருக்கிறது. படிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். 2008-இல் வந்த பைத்தான் 3 இதை ஒழுங்காகச் செய்கிறது. அதில் மாறிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது இன்னும் பலருக்குத் தெரியாத நல்ல செய்தி.

சொற்கள் கிடைத்துவிட்டன. இனி தொடர்.

800 + 3 * 50 என்று ஒரு வரி. இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே கணக்கிட்டால் 800-உம் 3-உம் 803, அதை 50-ஆல் பெருக்கினால் 40,150. சரியான விடை 950. பெருக்கல் முந்தி, கூட்டல் பிந்தி என்ற பள்ளிக்கூட விதியைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? மூன்று வாக்கியம் போதும். கோவை என்பது, கூட்டல் குறியால் இணைந்த பெருக்கங்கள். பெருக்கம் என்பது, பெருக்கல் குறியால் இணைந்த உறுப்புகள். உறுப்பு என்பது ஓர் எண், அல்லது அடைப்புக்குறிக்குள் ஒரு கோவை.

மூன்றாம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். கோவையை விளக்கத் தொடங்கி, மறுபடியும் கோவையிடமே வந்து நிற்கிறோம். அகராதியில் இப்படிச் செய்தால் குற்றம். இங்கே இதுதான் முழு ஆற்றலும். அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் இன்னோர் அடைப்பு என்று எவ்வளவு ஆழம் போனாலும் இந்த மூன்று வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். முடிவில்லாத கோவைகளுக்கு மூன்று வரி இலக்கணம். இதை நிரலாக்குவதும் நேரடியானது: ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயற்கூறு. கோவையைப் படிக்கும் செயற்கூறு பெருக்கத்தைப் படிப்பதை அழைக்கும், அது உறுப்பைப் படிப்பதை அழைக்கும், அது அடைப்புக்குறியைக் கண்டால் மறுபடி முதலாவதை அழைக்கும். பாஸ்கல் மொழியை 1970-இல் தந்த நிக்லாஸ் விர்த் இந்த முறையை மிகவும் விரும்பினார். அதை எழுதி ஓட்டி, ஐந்தாறு அடைப்புக்குறி போட்ட கோவைக்குச் சரியான விடை வந்து நிற்கும்போது மனதுக்குள் ஏற்படும் நிறைவை எனக்கு வேறெந்த நிரலும் தந்ததில்லை.

இலக்கணத்தை இப்படிக் கறாரான விதிகளாக எழுதும் வடிவத்தை ஜான் பேக்கஸ் 1959-இல் முன்வைத்தார். பீட்டர் நௌர் அதைச் செம்மைப்படுத்தி அல்கால் 60 மொழிக்குப் பயன்படுத்தினார். 1967-இல் பீட்டர் இங்கர்மன் என்பவர் ஒரு கணினி இதழுக்குக் கடிதம் எழுதினார்: இதையொத்த முறையைப் பாணினி சமஸ்கிருத இலக்கணத்துக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாண்டிருக்கிறார், ஆகவே பேக்கஸ் பெயரால் வழங்கும் இந்த வடிவத்தின் பெயரில் பாணினியையும் சேர்க்க வேண்டும் என்று. பெயர் மாறவில்லை. மொழிக்கு விதி எழுதும் கலை கணினியைவிட மிக மூத்தது என்பதை அந்தக் கடிதம் சரியாகவே சுட்டியது.

பார்சர் தருவது ஒரு தலைகீழ் மரம். உச்சியில் கூட்டல், அதன் ஒரு கிளையில் 800, மறு கிளையில் பெருக்கல், பெருக்கலின் கீழே 3-உம் 50-உம். இந்த மரத்தை அடியிலிருந்து மேலே, உறுப்புகளை முதலிலும் வினையைக் கடைசியிலும் படித்தால் கிடைக்கும் வரிசை: 800, 3, 50, பெருக்கு, கூட்டு.

இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘மூன்றையும் ஐம்பதையும் பெருக்கு, அதை எண்ணூறோடு கூட்டு.’ தமிழில் நாம் பேசுவதே இப்படித்தான். செய்யப்படுபவை முன்னால், செய்யும் வினை கடைசியில். ‘கூட்டு மூன்றை ஐந்தோடு’ என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை.

கணினிக்கும் இந்த வரிசைதான் மிக வசதி. கல்யாணப் பந்தியில் வாழை இலைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். கடைசியாக வைத்த இலை முதலில் எடுபடும். அப்படி ஓர் அடுக்கை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது இயந்திரம். 800 வந்தால் அடுக்கின் மேல் வை. 3 வந்தால் அதன் மேல் வை. 50 வந்தால் அதற்கும் மேல். ‘பெருக்கு’ வந்தால் மேலே உள்ள இரண்டை எடு, பெருக்கு, 150-ஐ மேலே வை. ‘கூட்டு’ வந்தால் மறுபடி இரண்டை எடு, கூட்டு, 950-ஐ வை. முடிந்தது. அடைப்புக்குறி வேண்டாம், எது முந்தி எது பிந்தி என்ற விதி வேண்டாம். வரிசையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

பைத்தானும் ஜாவாவும் நாம் எழுதும் வரியை உள்ளுக்குள் இந்த வடிவத்துக்குத்தான் மாற்றி வைத்துக்கொள்கின்றன. பைத்தானில் இரண்டு மாறிகளின் கூட்டலை எழுதி, உள்ளே அது என்னவாக மாறுகிறது என்று காட்டச் சொன்னால் காட்டும்: முதல் மாறியை ஏற்று, இரண்டாவதை ஏற்று, கூட்டு. மேலே ஆங்கிலச் சொற்கள், கணிதக் குறிகள். அடியில் வினை கடைசியில் வரும் தொடர். 1972-இல் வந்த எச்பி-35 என்ற புகழ்பெற்ற பொறியியல் கால்குலேட்டரிலும் எண்களை முதலில் தட்டிவிட்டுத்தான் குறியைத் தட்ட வேண்டும். 1970 வாக்கில் சார்லஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த் என்ற மொழி பெரும்பாலும் இந்த வரிசையிலேயே நடக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஃபோர்த் தலைகீழாக எழுதுவதுபோல் இருக்கும், பழகக் கொஞ்ச காலம் ஆகும் என்பார்கள். தமிழரான நமக்கு அதில் பழக எதுவும் இல்லை.

இந்த இடத்தில் எழிலை மறுபடி பார்க்கத் தோன்றும். அதன் நிபந்தனை வரியில் ‘ஆனால்’ கடைசியில் வருகிறது: விலை ஆயிரத்துக்கு மேல் ஆனால். ஆங்கில மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வந்துவிடுவதால், வரப்போவது நிபந்தனை என்று பார்சருக்கு முதல் சொல்லிலேயே தெரியும். எழிலில் நிபந்தனையைப் படித்து முடித்த பிறகுதான், இது ‘ஆனால்’ என்ற முடிவா, ‘வரை’ என்ற சுழற்சியா, ‘ஆக’ என்ற எண்ணிச் சுழலும் கட்டளையா என்று தெரியும். அதனால்தான் தொடக்கத்தில் அந்த @ குறி நிற்கிறது: இங்கிருந்து ஒரு நிபந்தனை வருகிறது, எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன், பொறுத்திரு. தமிழ் கேட்கிறவர் எல்லோரும் வினைமுற்று வரும்வரை இப்படித்தான் பொறுத்திருக்கிறோம். சின்ன ஒரு குறியில் தமிழ்த் தொடரின் இயல்பைக் காப்பாற்றிய அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. அதே எழிலில் ‘பதிப்பி’ மட்டும் முன்னால் வருகிறது. அது ‘பேசிக்’ என்ற பழைய நிரல்மொழியின் காலத்திலிருந்து வந்த பழக்கம். நான் செய்ததில் அதையும் பின்னால் தள்ளிவிட்டேன்: விலையை அச்சிடு.

இதெல்லாம் எதற்கு, வேலைக்குப் போகிற இடத்தில் ஆங்கில நிரல்மொழிகள்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சி மொழியின் முதல் தரநிலையில் கட்டளைச் சொற்கள் 32. இன்றைய பைத்தானில் 35. முப்பத்தைந்து ஆங்கிலச் சொற்களைக் கற்பது எந்தப் பிள்ளைக்கும் மலை இல்லை. கட்டளைச் சொல்லைத் தமிழாக்கினால் மட்டும் எல்லாம் எளிதாகிவிடும் என்று நான் நம்பவில்லை. உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது: பிழைச் செய்தியில்.

அக்கா மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் சொல்லிக்கொடுத்த நிரலைத் தட்டிப் பார்ப்பாள். எங்கோ ஒரு குறி விட்டுப்போனால் திரை நிறைய ஆங்கிலம் கொட்டும். “மாமா, என்னவோ திட்டுது” என்று கொண்டுவந்து காட்டுவாள். என் மொழியில் அதே பிழை விட்டபோது திரையில் வந்தது: ‘3-ஆம் வரியில் அடைப்புக்குறி திறந்திருக்கிறது, மூடவில்லை.’ அவளே திருத்தினாள். திருத்திவிட்டு, “அடுத்து என்ன தப்பு பண்ணினா என்ன சொல்லும்?” என்று வேண்டுமென்றே ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்கத் தொடங்கினாள். நாமே மொழி செய்யும்போது ஒவ்வொரு பிழைச் செய்தியையும் நாமே எழுத வேண்டியிருக்கிறது. எழுதப்போகும் முகம் தெரியாத ஒருவர் எங்கே தடுக்கி விழுவார், அப்போது அவருக்கு எந்தச் சொல் உதவும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனை வந்துவிட்டால், பிறகு எந்த மொழியில் எந்த நிரல் எழுதினாலும் அது நம்மை விட்டுப் போகாது.

பிற மொழிகளும் நிரலில் இடம் பெறலாம் என்பது கணினியின் தொடக்க நாட்களிலேயே எழுந்த எண்ணம். ஆங்கிலச் சொற்களில் நிரல் எழுதும் முறைக்கு முன்னோடியான கிரேஸ் ஹாப்பர், 1950-களில் தம் நிறுவன மேலாளர்களிடம் ஒரு நிரலை ஆங்கிலத்தில் காட்டிவிட்டு, அதையே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் காட்டினார். கணினிக்கு எல்லாம் ஒன்றுதான் என்று நிரூபிப்பது அவர் எண்ணம். அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று மேலாளர்கள் கலவரப்பட்டார்கள் என்றும், இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது என்றும் அவரே பிற்காலத்தில் சொன்னார். ஒரு சொற்பட்டியலை எடுத்துவிட்டு இன்னொரு பட்டியலை வைக்கிற வேலை அது, அவ்வளவே. எழிலின் உள்ளே போய்ப் பார்த்தாலும் கட்டளைச் சொற்கள் ஒரு பட்டியலாகத்தான் இருக்கின்றன.

பட்டியலைத் தாண்டி இன்னும் ஆழமாகப் போக முடியும். டேமியன் கான்வே 2000-இல் லத்தீனில் எழுதும் ஒரு நிரல்மொழியைச் செய்தார். பெர்ல் மொழியின் மேல் அமர்ந்தது. லத்தீனில் சொல்லின் ஈறே அது எழுவாயா செயப்படுபொருளா என்று காட்டிவிடும். அதனால் அந்த மொழியில் சொற்களை எந்த வரிசையிலும் எழுதலாம், பொருள் மாறாது. படித்ததும் எனக்கு நம் வேற்றுமை உருபுகள்தான் நினைவுக்கு வந்தன. ‘மல்லியை மதுரைக்கு அனுப்பு’, ‘மதுரைக்கு மல்லியை அனுப்பு’ இரண்டும் ஒன்றே. எது எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து அல்ல, ஐ, கு, இல் என்ற உருபைப் பார்த்து நாம் பொருள் கொள்கிறோம். நிரல்மொழிகளில் ஒரு செயற்கூறுக்கு மூன்று உள்ளீடு கொடுத்தால் எது முதலாவது, எது இரண்டாவது என்று மனப்பாடம் செய்ய வேண்டும். உருபு வைத்துவிட்டால் அந்த மனப்பாடம் தேவையில்லை.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது இதுதான். உருபைப் பிரிக்கப் போனால் புணர்ச்சி விதி வந்து எதிரே நிற்கிறது. கோச்சடை என்பதே ஐகாரத்தில் முடியும் பெயர். ஈற்றில் ஐ வந்தால் உருபு என்று விதி எழுதினால், ‘கோச்சட்’ என்ற இல்லாத ஒன்றை நிரல் தேடும். அதற்கு வழி இருக்கிறது: பெயர்களை முன்பே அறிவித்துவிட்டால், வந்த சொல்லை முதலில் அந்தப் பட்டியலில் முழுதாகத் தேடலாம். கோச்சடையை என்று வந்தால் நடுவில் உள்ள ய் உடம்படுமெய். அதைக் கழற்றிவிட்டுத் தேட வேண்டும். மரம் மரத்தை ஆகும். உகரத்தில் முடியும் பெயர்களில் வீடு வீட்டை ஆகும், பாம்பு பாம்பை ஆகும், பசு பசுவை ஆகும். மூன்றுக்கும் மூன்று வழி. பள்ளியில் குற்றியலுகரம் ஆறு வகை என்று மதிப்பெண்ணுக்காக ஒப்பித்ததெல்லாம் இப்போது ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனை வரியாக நிரலில் வந்து உட்காருகிறது. நெடில் தொடரில் டு, று என்று முடிந்தால் இரட்டிக்கும். மென்தொடர் என்றால் இரட்டிக்காது. பசு போன்ற முற்றியலுகரமாக இருந்தால் வகரம் வரும். நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ அலசி வகுத்த வகைப்பாடு, எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே ஓடுகிறது.

ஓரிடத்தில் மட்டும் எந்த விதியும் உதவவில்லை. பாட்டு என்ற பெயரோடு ஐ சேர்ந்தால் பாட்டை. பாடு என்ற பெயரோடு ஐ சேர்ந்தாலும் பாட்டை. இரண்டையும் ஒருவர் மாறிகளாக அறிவித்துவிட்டு ‘பாட்டை அச்சிடு’ என்று எழுதினால், எதை அச்சிடுவது? பேச்சில் முன்பின் சேதியை வைத்து நாம் கண்டுபிடித்துவிடுவோம். நிரலில் ஊகிக்க விடுவது ஆபத்து. அதனால் அந்த வரியில் நின்று இப்படிக் கேட்கும்படி வைத்திருக்கிறேன்: ‘பாட்டை என்றது பாட்டு என்பதையா, பாடு என்பதையா? ஒன்றின் பெயரை மாற்றித் தாருங்கள்.’